முகத்து மங்குக்கு ‘கெமிக்கல் பீல்’ செய்யலாமா?

வாசகர் கடிதம்: டாக்டருக்கு வணக்கம். எனக்கு 34 வயது. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் குடியிருக்கிறோம். டவுனில் பாலர் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். தினமும் மோட்டார்சைக்கிளில்தான் போய் வருகிறேன். இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது இரண்டு கன்னத்திலும் கருமை படர்ந்தது. பிள்ளைக்கு மூன்று வயது ஆகிவிட்டது, கருமை போகவில்லை. பிள்ளை பெற்ற சில மாதங்களிலிருந்து குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை எடுக்கிறேன், மற்றபடி வியாதி எதுவும் இல்லை. டவுனில் ஓர் அழகு நிலையத்தில் ஆறு தடவை ‘பீல்’ செய்ய 900 ரிங்கிட் கேட்டார்கள். அவ்வளவு பணம் புரட்ட முடியாததால் இணையத்தில் 39 ரிங்கிட்டுக்கு ஒரு சின்ன பாட்டில் வாங்கிவிட்டேன். ‘டி.சி.ஏ. 30 சதவீதம்’ என்று போட்டிருக்கிறது. மாமியாரோ எலுமிச்சைச் சாறும் தயிரும் போதும் என்கிறார். தீபாவளிக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. பாட்டிலை வீட்டிலேயே பூசிப் பார்க்கலாமா?

அன்புத் தங்கைக்கு,

முதலில் பாட்டில் விஷயம். தயவுசெய்து அதைத் திறக்க வேண்டாம். கன்னத்தில் மட்டுமல்ல, ‘சோதித்துப் பார்க்கிறேன்’ என்று முழங்கையிலும் வைக்க வேண்டாம். உங்கள் கடிதத்தைப் படித்ததும் மற்ற கடிதங்களை ஒதுக்கிவிட்டு இதற்கு முதலில் பதில் எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான்.

டி.சி.ஏ. என்பது டிரைகுளோரோ அசிட்டிக் அமிலம். ‘பீல்’ என்றால் அமிலம் தடவித் தோலின் மேலடுக்கை உதிரச் செய்வது. அதற்கு நாங்களும் டி.சி.ஏ.வைப் பயன்படுத்துகிறோம். அது தோலில் பட்டதும் அங்குள்ள புரதத்தை உறைய வைக்கும். சூடான கல்லில் ஊற்றிய முட்டையின் வெள்ளைக்கரு எப்படிச் சட்டென்று வெளுக்கிறதோ, அப்படித் தோல் வெள்ளையாகப் பூக்கும். அந்த வெளுப்பு எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்று பார்த்துத்தான் அமிலம் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று கணிப்போம். இரண்டாவது தடவை பூசினால் இன்னும் ஆழம், மூன்றாவது தடவை அதைவிட ஆழம். 35 சதவீதத்தில் அது மேல்தோலைத் தாண்டி உள்தோலுக்கே போய்விடும். உங்கள் கையில் இருப்பது அதற்குச் சற்றுத்தான் குறைவு. பாட்டிலில் எழுதியிருப்பது உண்மையா என்பதற்கும் யாரும் உத்தரவாதம் தர முடியாது. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். கிளைக்காலிக் அமிலம் போட்டால் சோடா உப்புக் கரைசலைத் தடவி நடுவில் நிறுத்திவிடலாம். டி.சி.ஏ.வை அப்படி நிறுத்த வழியில்லை. வெளுத்துவிட்டதென்றால் வேலை நடந்து முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

நானும் லயத்தில் பிறந்து வளர்ந்தவள்தான். அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவினார். சில நாள் பால் உறைய வைக்கும் ஸ்டோரிலும் வேலை. நம் ஆட்கள் ‘சூக்கா’ என்று சொல்வார்களே, அந்த ஃபார்மிக் அமிலத்தைத் தண்ணீரில் கலந்துதான் பாலில் ஊற்றுவார்கள். கலந்த பிறகு அதற்குள் கை வைத்தாலும் பெரிதாக ஒன்றும் செய்யாது. ஒரு நாள் கலப்பதற்கு முன்னால் ஜாடியிலிருந்து அம்மாவின் இடது மணிக்கட்டில் தெறித்துவிட்டது. இரண்டு வாரத்தில் புண் ஆறியது. அதற்குப் பிறகுதான் கருப்பு வந்தது. ஐந்து காசு அளவு, மை கொட்டினாற்போல. நான் இடைநிலைப்பள்ளி முடிக்கும் வரை அந்தக் கருப்பு அம்மா கையில் இருந்தது. மருத்துவம் படித்தபோதுதான் அதன் பெயரும் காரணமும் எனக்குத் தெரிந்தது. அமிலம் அதே அமிலம்தான். எத்தனை பங்கு தண்ணீர், எவ்வளவு நேரம், எந்தத் தோல் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அந்த மூன்றாவது கேள்வி, எந்தத் தோல் என்பது, நமக்கு ரொம்ப முக்கியம். தோலுக்கு நிறம் தரும் மெலனின் நிறமியைச் செய்யும் செல்கள் வெள்ளைக்காரர்களுக்கும் நமக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கைதான். நம்முடையவை சுறுசுறுப்பானவை. வெயில் பட்டாலும் நிறமி செய்யும், கொசு கடித்துச் சொறிந்தாலும் செய்யும், அமிலம் சுட்டாலும் செய்யும். 1975இல் ஃபிட்ஸ்பேட்ரிக் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர், வெயிலில் தோல் சிவக்கிறதா கருக்கிறதா என்பதை வைத்து வகை பிரித்தார். இப்போது ஆறு வகை வைத்திருக்கிறோம். நம்மவர்களில் பெரும்பாலோர் நான்கு முதல் ஆறு வரைக்குள் வருவார்கள். இந்தத் தோல் வெயிலில் எளிதில் வெந்து போகாது, சுருக்கமும் தாமதமாகத்தான் விழும். ஆனால் காயப்படுத்தினால் கருப்பாகத்தான் பதில் சொல்லும். வெள்ளைத் தோலில் டி.சி.ஏ. போட்டு எடுத்த காணொளியைப் பார்த்துவிட்டு நாம் செய்தால், அவர்களுக்குச் சிவப்பாகி ஆறுவது நமக்குக் கருப்பாகி நிற்கும்.

சரி, உங்கள் கன்னத்துக்கு வருவோம். கர்ப்ப காலத்தில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வந்தது, மூன்று வருடமாக இருக்கிறது என்கிறீர்கள். நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்லக்கூடாது என்றாலும், நம் பாட்டிமார் ‘மங்கு’ என்று சொன்னதுதான் பெரும்பாலும் இது. கர்ப்பத்தில் வருவது பலருக்குப் பிள்ளை பெற்ற சில மாதங்களில் தானாகவே மங்கிவிடும். உங்களுக்கு ஏன் நிற்கிறது? அதற்கான பதில் உங்கள் கடிதத்திலேயே இரண்டு இடத்தில் இருக்கிறது.

ஒன்று, போகிற போக்கில் நீங்கள் எழுதிய அந்த மாத்திரை. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் கலந்த கருத்தடை மாத்திரைகள் மங்கு வரத் தூண்டும், இருக்கும் மங்கு போகாமலும் பிடித்து வைக்கும். எல்லா மாத்திரையும் ஒரே வகை அல்ல, உங்களுடையது எது என்று எனக்குத் தெரியாது. அதனால் நாளையே நிறுத்திவிடாதீர்கள். மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு போய், அதைக் கொடுத்த கிளினிக்கில் டாக்டரிடமோ தாதியிடமோ கேளுங்கள். ஹார்மோன் இல்லாத காப்பர்-டி போன்ற வழிகள் இருக்கின்றன. வேறு ஏற்பாடு செய்யாமல் மாத்திரையை விட்டு, எதிர்பாராமல் கர்ப்பமானால் மங்கு இன்னும் கூடும். ‘மற்றபடி வியாதி எதுவும் இல்லை’ என்று பெண்கள் எழுதும் வரியில்தான் பல தடவை எனக்கு வேண்டிய செய்தி கிடைத்திருக்கிறது. மாத்திரையை மருந்தாகவே நாம் நினைப்பதில்லை.

இரண்டாவது, மோட்டார்சைக்கிள். நிலநடுக்கோட்டுக்கு ஐந்து பாகைகூட இல்லாத தூரத்தில் இருக்கிறோம். நண்பகலில் புற ஊதாக் கதிர்க் குறியீடு 11ஐத் தாண்டுவது நமக்குச் சாதாரண நாள். பாலர் பள்ளி விட்டு நீங்கள் வீடு திரும்புவதும் அநேகமாக அந்த நேரத்தில்தான். ஹெல்மெட் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டுகிறீர்களா என்று ஒரு தடவை கவனியுங்கள். மங்கு வந்த பெண்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி அது. கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சம்கூட மங்கு வளர வைக்கும் என்பதால், நிறம் கலந்த சன்ஸ்கிரீன் உங்களுக்கு நல்லது. அந்த நிறத்துக்குச் சேர்க்கும் இரும்பு ஆக்ஸைடு, வெள்ளை சன்ஸ்கிரீன் தடுக்காத அந்த வெளிச்சத்தையும் தடுக்கும். எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாமல் வாங்குங்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் எவ்வளவு வருமோ, அது ஒரு முகத்துக்கும் கழுத்துக்கும். பார்த்தால் அதிகம்போலத் தெரியும், அளவு அதுதான். காலையில் ஒரு தடவை, பள்ளி விட்டு வண்டி எடுப்பதற்கு முன்னால் மறுபடி ஒரு தடவை. பெரும்பாலோர் பட்டாணி அளவு தடவிவிட்டு ‘சன்ஸ்கிரீன் வேலை செய்யவில்லை டாக்டர்’ என்று வருகிறார்கள்.

இந்த இரண்டையும் சரி செய்யாமல் எந்த அமிலத்தைப் போட்டாலும் பலன் நிற்காது. ஓட்டைக் கூரைக்கு அடியில் தரையைத் துடைத்துக்கொண்டே இருப்பது மாதிரிதான் அது. 900 ரிங்கிட்டில் சிறு பங்கை நல்ல சன்ஸ்கிரீனுக்குச் செலவழித்தாலே மூன்று மாதத்தில் கண்ணாடியில் வித்தியாசம் தெரியும் என்று உங்களுக்குத் தைரியமாகச் சொல்வேன்.

அப்படியென்றால் பீல் வேண்டவே வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. நானே செய்கிறேன். நம் தோலுக்கு ஏற்ற மாதிரி, மேலாக, மெதுவாகச் செய்தால் உதவும். மங்குக்கான கிரீம் இழுத்துக்கொண்டு போகும் தேர் என்றால், பீல் அதைப் பின்னாலிருந்து நெம்பித் தள்ளும் கட்டை மாதிரி ஓர் உதவி. தேர் இல்லாமல் கட்டை மட்டும் எங்கும் போகாது.

நம் மேல்தோலின் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். அடியில் பிறக்கும் செல் மேலே ஏறி உதிர ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். நிறமியைச் சுமந்துகொண்டு ஏறுகிற அந்தச் செல்களை, அமிலம் கொஞ்சம் சீக்கிரம் உதிரச் செய்கிறது. மேலோட்டமான பீல் செய்வது அவ்வளவுதான். நமக்கு அதிகம் பயன்படுத்துவது கரும்பில் இருக்கும் கிளைக்காலிக், புளித்த பாலில் இருக்கும் லாக்டிக், கசப்பு வாதுமையிலிருந்து வந்த மாண்டலிக். மாண்டலிக்கின் மூலக்கூறு பெரிது, அதனால் மெதுவாக இறங்கும், கருந்தோலுக்கு அதில் எரிச்சல் குறைவு. முகப்பருவும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்திருந்தால் சாலிசிலிக். ஃபீனால் என்று ஒன்று உண்டு, மிக ஆழமாக இறங்குவது. இதயத் துடிப்பையே குழப்பக்கூடியது என்பதால் அதை இதயக் கண்காணிப்புடன்தான் செய்வார்கள். நம் நிறத்துக்கு அதை நான் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை.

கிளினிக்கில் எப்படி நடக்கும் என்று சொல்கிறேன், பயம் குறையும். படுக்க வைத்து முகத்தைச் சுத்தம் செய்து எண்ணெய் எடுப்போம். கண்ணோரம், மூக்கு மடிப்பு, உதட்டோரம் மூன்று இடத்திலும் வாஸ்லின் தடவுவோம், அமிலம் அங்கே போய்த் தேங்கும் என்பதால். கண்ணுக்கு மேல் ஈரத்துணி. நெற்றியில் தொடங்கி, கன்னம், தாடை, கடைசியில் மூக்கு. முதல் தடவை என்றால் 20 அல்லது 30 சதவீத கிளைக்காலிக், ஒரு நிமிடம், அதிகம் போனால் இரண்டு நிமிடம். கடிகாரம் ஓடும். தாதி சின்ன விசிறியால் வீசுவார். ‘பத்துக்கு எவ்வளவு எரிகிறது?’ என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். ‘எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கு டாக்டர்’ என்றால் சரி. ‘எரியுது’ என்று குரல் மாறினாலோ, எங்காவது வெளுப்பு தெரிந்தாலோ, நேரம் பாக்கி இருந்தாலும் நிறுத்திவிடுவேன். ஒரு நிமிடம் குறைத்து நிறுத்தியதற்காக நான் வருத்தப்பட்டதில்லை. சோடா உப்புக் கரைசல், குளிர்ந்த தண்ணீர், ஈரப்பத கிரீம், சன்ஸ்கிரீன், அவ்வளவுதான். அடுத்த மூன்று முதல் ஐந்து நாள் முகம் வறண்டு, மெல்லிய செதில் உதிரும். அதை நகத்தால் உரிக்கக் கூடாது. உரித்த இடம் கருக்கும்.

இதற்கு முன்னால் இரண்டிலிருந்து நான்கு வாரம் தோலைத் தயார் செய்வோம். சன்ஸ்கிரீனோடு அசெலைக் அமிலக் கிரீமோ, மருத்துவர் எழுதித் தரும் ஹைட்ரோகுவினோனோ போட வைத்து, நிறமிச் செல்களை அடக்கிவிட்டுத்தான் அமிலத்தைத் தொடுவோம். ஹைட்ரோகுவினோன் கணக்கான காலத்துக்கு மட்டும் போடும் மருந்து. வருடக் கணக்கில் தடவினால் அதுவே நீலம் கலந்த கருமையைக் கொண்டுவரும், அதைப் போக்குவது மங்கைப் போக்குவதைவிடக் கஷ்டம். தயார் செய்யாமல், வந்த அன்றே படுக்க வைத்து அமிலம் போடும் இடம் எதுவாக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

சில வருடத்துக்கு முன் ஒரு பெண் என்னிடம் வந்தார். தொழிற்சாலை வேலை, உங்களைவிடச் சின்ன வயது. தைப்பூசத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஓர் இடத்தில் பீல் செய்துகொண்டார். ‘வெயிலில் போகாதே’ என்று அங்கே யாரும் சொல்லவில்லை. வேண்டுதல் என்பதால் ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுத்து ஊர்வலத்தில் நடந்தார். தோல் உரிந்து முடிந்திராத முகம், காலை முதல் வெயில். இரண்டு வாரம் கழித்து வந்தபோது நெற்றியும் கன்னமும் பழைய மங்கைவிட இரண்டு பங்கு கருத்திருந்தன. துப்பட்டாவை முகத்திலிருந்து எடுக்கவே தயங்கினார். பழைய நிலைக்கு வர ஏறக்குறைய ஒரு வருடம் பிடித்தது. அந்தப் பெண் செய்த தவறு எதுவும் இல்லை. கேட்டிருக்க வேண்டியவர்கள் கேட்கவில்லை, சொல்லியிருக்க வேண்டியவர்கள் சொல்லவில்லை.

அதனால்தான் யார் செய்கிறார்கள் என்று பாருங்கள் என்கிறேன். தனியார் கிளினிக் என்றால் 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் சுகாதார அமைச்சில் பதிந்த சான்றிதழ் இருக்க வேண்டும். மருத்துவருக்கு அந்த ஆண்டுக்கான தொழில் சான்றிதழ் இருக்க வேண்டும். அழகியல் சிகிச்சை செய்பவருக்கு எல்.சி.பி. என்ற தனி அனுமதிக் கடிதமும் உண்டு. காட்டச் சொல்லிக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. அந்த அழகு நிலையத்தில் இருப்பவர்கள் நல்லவர்களாகவே இருக்கலாம், ஃபேஷியல் நன்றாகச் செய்யலாம். ஆனால் முகத்தில் அமிலம் வைத்து ஏதாவது ஆகிவிட்டால் மருந்து எழுதிக் கொடுக்க அவர்களால் முடியாது.

அங்கே லேபிள் இல்லாத டப்பாவில் ‘வைட்டனிங்’ கிரீம் கொடுத்தால் வாங்காதீர்கள். பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையிலும் இணையத்திலும் விற்பதும் அப்படித்தான். சிலவற்றில் பாதரசம் இருக்கும், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். இரண்டு வாரம் முகம் பளிச்சென்று ஆகும், அப்புறம் தோல் மெலிந்து, சிவந்து, பரு கிளம்பி, நிறுத்தினால் முன்பைவிடக் கருக்கும். நம் நாட்டில் அழகுப் பொருள் என்றால் என்.ஓ.டி. (NOT) என்ற எழுத்துகளில் தொடங்கும் அறிவிப்பு எண் இருக்க வேண்டும். அந்த எண்ணை, மருந்துகளையும் அழகுப் பொருள்களையும் கண்காணிக்கும் அரசு அமைப்பான என்.பி.ஆர்.ஏ.வின் (NPRA) இணையத்தளத்தில் போட்டுப் பார்த்தால் பொருளின் பெயர் வரும். வராவிட்டால் வேண்டாம்.

உங்கள் மாமியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். தயிர் விஷயத்தில் அவர் சொன்னது தப்பில்லை. நாங்கள் வைக்கும் லாக்டிக் அமிலத்தின் மிகமிக மெலிந்த உருவம்தான் தயிர். பெரிய பலன் இருக்காது, கெடுதலும் இருக்காது. எலுமிச்சை மட்டும் வேண்டாம். அதில் உள்ள ஒரு பொருள் தோலில் இருக்கும்போது வெயில் பட்டால், சாறு வழிந்த தடத்திலேயே வெந்து கருக்கும். எலுமிச்சை பிழிந்த கையோடு வெயிலில் துணி காயப்போட்டு, விரலில் கோடுகோடாகக் கருத்துப்போன பெண்களைப் பார்த்திருக்கிறேன். ‘அத்தை, தயிர் சரியாம், எலுமிச்சைதான் வேண்டாமாம்’ என்று மெதுவாகச் சொல்லுங்கள்.

தீபாவளிக்கு மூன்று மாதம் என்பது நல்ல அவகாசம். முதல் மாதம் முழுக்க சன்ஸ்கிரீன், ஹெல்மெட் கண்ணாடி, மாத்திரை பற்றிய பேச்சு, மருத்துவர் தரும் கிரீம். அதற்குப் பிறகும் தேவை என்று மருத்துவர் சொன்னால், மூன்று நான்கு வார இடைவெளியில் ஒன்றோ இரண்டோ மெல்லிய பீல். கடைசி பீல் தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பாவது முடிந்திருக்க வேண்டும். பீலுக்கு ஒரு வாரம் முன்னால் முகத்தில் திரெடிங், வேக்ஸிங், ப்ளீச் வேண்டாம். கர்ப்பமாக இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தாலோ, உதட்டோரம் அடிக்கடி நீர்க்கொப்புளம் வந்தாலோ, வெட்டுக்காயம் பட்டால் தழும்பு தடித்து வளரும் உடம்பு என்றாலோ, முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அத்தோடு ஓர் உண்மையையும் சொல்லிவிடுகிறேன். மங்கு குறையும். பாதியாகலாம், அதற்கு மேலும் குறையலாம். வெயிலில் கவனம் விட்டால் திரும்பவும் வரும். ‘நிரந்தரமாகப் போக்குவேன்’ என்பவரை நம்பாதீர்கள். உங்கள் கன்னத்தை உங்கள் நெற்றியின் நிறத்துக்குக் கொண்டு வருவதுதான் என் வேலை. அந்த நெற்றியின் நிறத்தை மாற்ற நான் மருந்து தரமாட்டேன், அதற்கு எந்த மருந்தும் தேவையில்லை.

செலவைப் பற்றி யோசிக்காமல் முதலில் அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்கு 1 ரிங்கிட்தான். தேவை என்றால் அங்கிருந்தே ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் தோல் பிரிவுக்குக் கடிதம் தருவார்கள். சந்திக்கும் தேதி கிடைக்கக் கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருக்கும். அந்த நாள்களில்தான் சன்ஸ்கிரீன் தன் வேலையைச் செய்துகொண்டிருக்குமே.

போகும்போது மூன்று பொருள் எடுத்துச் செல்லுங்கள். மாத்திரை அட்டை, இப்போது முகத்தில் தடவும் எல்லா கிரீமும், அப்புறம் அந்த 39 ரிங்கிட் பாட்டில். அதைச் சிங்க்கில் ஊற்ற வேண்டாம். மூடியை இறுக்கி, நெகிழிப் பையில் கட்டி, மூன்று வயதுப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில், பூட்டுகிற அலமாரியில் வையுங்கள். எப்படியாவது யார் மேலாவது பட்டுவிட்டால், எண்ணெயோ பற்பசையோ தடவாமல் ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் கழுவி, நேரே மருத்துவமனைக்குப் போங்கள். கிளினிக்கில் அந்தப் பாட்டிலை டாக்டரிடம் கொடுத்து, எப்படி ஒழிப்பது என்று கேளுங்கள். ஒரு மாதம் கழித்துக் கன்னம் எப்படி இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.